ஆஸ்டெரிஸ்க் சர்வரில் அழைப்பு போகவில்லையா, குரல் கேட்கவில்லையா? புதியவர்களுக்கான பழுதறியும் வழிகாட்டி

ஆஸ்டெரிஸ்க் என்பது லினக்ஸ் சர்வரில் ஓடி, இணையவழித் தொலைபேசி அழைப்புகளை இணைத்துவைக்கும் மென்பொருள். அதில் கோளாறு என்றதும் பலர் முதலில் செய்வது சர்வரை மறுதொடக்கம் செய்வதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். மறுதொடக்கம் செய்த கணத்தில் நடந்துகொண்டிருந்த அழைப்புகள், பாதியில் சிக்கி நின்ற சேனல்கள், பிழை நேர்ந்தபோது இருந்த நிலை எல்லாமே அழிந்துபோகும். கோளாறு தற்காலிகமாக மறையலாம். காரணம் அப்படியே இருப்பதால் அது திரும்ப வரும். அப்போதும் உங்கள் கையில் ஒரு தடயமும் இருக்காது.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இணையவழி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதைகள் உண்டு. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற பேச்சுவார்த்தை எஸ்ஐபி நெறிமுறையில் நடக்கிறது; வழக்கமாக 5060 என்ற போர்ட்டில். குரல் ஆர்டிபி பாக்கெட்டுகளாக வேறு யூடிபி போர்ட்டுகளில் ஓடுகிறது. ஆஸ்டெரிஸ்க்கோடு வரும் மாதிரி அமைப்பில் அவை 10000 முதல் 20000 வரை. ஒரு பாதை திறந்தும் மற்றது அடைபட்டும் இருக்க முடியும். மணி அடித்து, எடுத்த பிறகு அமைதி நிலவுவது இதனால்தான். ஆகவே எந்தப் புகார் வந்தாலும் முதல் கேள்வி: இது அழைப்புப் பாதையின் கோளாறா, குரல் பாதையின் கோளாறா? இதற்கு விடை தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

கீழே கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்பு முறையில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில்: ஓடுகிறதா, எந்தப் பதிப்பு?

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஆஸ்டெரிஸ்க்' என்று கேட்டால் சேவை ஓடுகிறதா, எப்போது தொடங்கியது என்று தெரியும். நீங்கள் தொடாமலே சில நிமிடங்களுக்கு முன்புதான் தொடங்கியதாகக் காட்டினால், அது செயலிழந்து தானாக மீண்டும் எழுந்திருக்கிறது. 'ஜர்னல்சிடிஎல் -யூ ஆஸ்டெரிஸ்க்' அதன் கதையைச் சொல்லும்.

அடுத்து 'ஆஸ்டெரிஸ்க் -ஆர்விவிவி' என்று கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்டெரிஸ்க்கின் கன்சோலுக்குள் நுழையுங்கள். இங்கிருந்து 'எக்ஸிட்' கொடுத்து வெளியேறினால் சேவை நிற்காது, பயப்பட வேண்டாம். இணைக்க முடியவில்லை என்று சொன்னால் இரண்டு வாய்ப்புகள்: சேவை ஓடவில்லை, அல்லது அந்தக் கன்சோலைத் திறக்கும் அனுமதி உங்கள் பயனர் கணக்குக்கு இல்லை.

உள்ளே சென்றதும் 'கோர் ஷோ வெர்ஷன்' பாருங்கள். மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய திட்டம் இது. இத்தனை ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் பெரும்பாலும் 'சான்_சிப்' என்ற பழைய சேனல் டிரைவரையும் (ஆஸ்டெரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கையாளும் பகுதி) 'சிப்.கான்ஃப்' கோப்பையும் பற்றியவை. அதற்கு மாற்றாக 12ஆம் பதிப்பில் 'பிஜேசிப்' வந்தது. 21ஆம் பதிப்பில் பழைய டிரைவர் முற்றிலும் நீக்கப்பட்டது. புதிய பதிப்பை வைத்துக்கொண்டு 'சிப் ஷோ பியர்ஸ்' என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதில்தான் வரும். சிப்.கான்ஃப் கோப்பில் எத்தனை மணி நேரம் திருத்தினாலும் அதை யாரும் படிக்கப்போவதில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் பிஜேசிப்பை வைத்தே எழுதப்பட்டது.

ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற வலைத்திரை மேலாண்மை வழியாக நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது அமைப்புக் கோப்புகளைத் தானே எழுதுகிறது. நீங்கள் கையால் திருத்தியது அடுத்த முறை மாற்றங்களைப் பதிவு செய்யும்போது காணாமல் போகும். பெயரில் 'கஸ்டம்' என்று முடியும் கோப்புகள் உங்களுக்காகவே விடப்பட்டவை. அவற்றில் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது: பார்க்கும் வசதியை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்

ஆஸ்டெரிஸ்க் நிறையப் பேசும் மென்பொருள். அது பேசுவது உங்களுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 'கோர் செட் வெர்போஸ் 5' கொடுத்தால் டயல்பிளானின், அதாவது எந்த எண்ணை அழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதித்தொகுப்பின், ஒவ்வொரு படியும் கன்சோலில் ஓடும். '/ஈடிசி/ஆஸ்டெரிஸ்க்/லாகர்.கான்ஃப்' கோப்பில் 'ஃபுல்' என்று தொடங்கும் வரியின் முன்னால் ';' குறி இருந்தால் அது இயங்காது; அந்தக் குறியை நீக்கி 'லாகர் ரீலோட்' கொடுங்கள். அதன்பின் '/வார்/லாக்/ஆஸ்டெரிஸ்க்' அடைவில் முழுப் பதிவு சேரத் தொடங்கும்.

எஸ்ஐபி உரையாடலைப் பார்க்க 'பிஜேசிப் செட் லாகர் ஆன்'. நிறையத் தொலைபேசிகள் உள்ள சர்வரில் இது வெள்ளமாகப் பாயும். 'பிஜேசிப் செட் லாகர் ஹோஸ்ட்' என்று கொடுத்து ஒரே ஒரு ஐபி முகவரியைக் குறிப்பிட்டால் அந்தத் தொலைபேசியின் உரையாடல் மட்டும் வரும்.

இவற்றையெல்லாம் விட நான் முதலில் நிறுவச் சொல்வது 'எஸ்என்கிரெப்' என்ற சிறு கருவி. அது சர்வருக்கு வரும் போகும் எஸ்ஐபி செய்திகளை அழைப்பு வாரியாகப் பிரித்து, யாரிடமிருந்து யாருக்கு எது போனது என்பதை அம்புக்குறிகளோடு வரைந்து காட்டுகிறது. படிக்கப் பழகாதவருக்கும் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். டிஎல்எஸ் மறையாக்கத்தில் ஓடும் அழைப்புகளின் உள்ளடக்கத்தை அதனால் அப்படியே காட்ட முடியாது. அங்கே ஆஸ்டெரிஸ்க்கின் சொந்த லாகர்தான் துணை.

மூன்றாவது: தொலைபேசி பதிவாகிறதா?

தொலைபேசி தான் இருக்கும் முகவரியைச் சர்வரிடம் தெரிவித்து வைப்பதே பதிவு. 'பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்', 'பிஜேசிப் ஷோ காண்டாக்ட்ஸ்' இரண்டையும் ஓட்டுங்கள். 101 என்ற தொலைபேசிக்கு எதிரே ஐபி முகவரியோடு ஒரு காண்டாக்ட் இருந்தால் அது பதிவாகியிருக்கிறது. இல்லையென்றால், தொலைபேசியிலிருந்து செய்தி சர்வருக்கு வந்து சேருகிறதா என்று முதலில் பாருங்கள். தொலைபேசியை அணைத்துப் போட்டு எஸ்என்கிரெப்பைக் கவனியுங்கள்.

எதுவுமே வரவில்லை என்றால் கோளாறு ஆஸ்டெரிஸ்க்குக்கு வெளியே இருக்கிறது. தொலைபேசியில் சர்வர் முகவரி சரியா, நடுவில் உள்ள ரவுட்டரோ கிளவுட் நிறுவனத்தின் வெளிப்புற ஃபயர்வாலோ தடுக்கிறதா என்று போங்கள்.

செய்தி வருகிறது, பதில் போகவில்லை என்றால் கவனம். எஸ்என்கிரெப் பாக்கெட்டைப் பிணைய அட்டையிலேயே பிடித்துவிடுகிறது; லினக்ஸின் ஃபயர்வால் அதன் பிறகுதான் வேலை செய்கிறது. ஆகவே அதில் தெரிந்த பாக்கெட் ஆஸ்டெரிஸ்க்கை எட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. பிஜேசிப் லாகரிலும் அதே செய்தி தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஃபயர்வால் விழுங்கிவிட்டது, அல்லது ஆஸ்டெரிஸ்க் அந்தப் போர்ட்டில் காத்திருக்கவே இல்லை. பின்னதை 'எஸ்எஸ் -எல்யூஎன்பி' காட்டிக்கொடுக்கும். ஃபெயில்2பான் (திரும்பத் திரும்பத் தவறாக உள்நுழைய முயலும் ஐபி முகவரிகளைத் தடுக்கும் கருவி) வைத்திருந்தால் அதன் தடைப்பட்டியலையும் பாருங்கள். ஒரு தொலைபேசியில் தவறான கடவுச்சொல் இருந்து அது விடாமல் முயன்றுகொண்டே இருந்தால், அந்த அலுவலகத்தின் முழு ஐபி முகவரியுமே தடைக்கு உள்ளாகும். நேற்று வரை ஓடிய எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் செத்துப்போனால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பதில் போகிறது, ஆனால் பதிவாகவில்லை என்றால் பதிலின் எண்ணைப் படியுங்கள். 401 வந்ததுமே கடவுச்சொல் தவறு என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் 401 இயல்பானது. உன்னை நிரூபி என்று சர்வர் கேட்கும் கேள்வி அது. தொலைபேசி கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட விடையோடு மறுபடி அனுப்ப வேண்டும். அந்த இரண்டாவது முயற்சிக்கும் 401 வந்தால்தான் பயனர்பெயரையோ கடவுச்சொல்லையோ சந்தேகிக்க வேண்டும்.

பதிவேட்டில் 'நோ மேட்சிங் எண்ட்பாயிண்ட் ஃபவுண்ட்' என்று இருந்தால், வந்த பெயரில் எண்ட்பாயிண்ட் எதுவும் இல்லை. எழுத்துப் பிழை, அல்லது கோப்பைத் திருத்திவிட்டு ரீலோட் கொடுக்க மறந்தது. பிஜேசிப்பில் ஒரு தொலைபேசிக்கு எண்ட்பாயிண்ட் (தொலைபேசியின் அமைப்புகள்), ஆத் (பயனர்பெயர், கடவுச்சொல்), ஏஓஆர் (தொலைபேசி இருக்கும் முகவரி) என மூன்று பகுதிகள் தேவை. இவற்றில் ஏஓஆர் பகுதி புதியவர்களை மிகவும் சோதிக்கிறது. அதன் பெயர் தொலைபேசி பதிவு செய்யும் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அதோடு 'மேக்ஸ்_காண்டாக்ட்ஸ்' என்ற மதிப்பையும் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் இயல்புநிலை 0. கடவுச்சொல் எல்லாம் சரியாக இருந்தும் பதிவு மறுக்கப்படும். குறைந்தது 1 என்று எழுதுங்கள்.

எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் பகுதியில் செய்த மாற்றங்கள் இயல்பாக ரீலோடில் நடைமுறைக்கு வராது. அதற்கு மட்டும் ஆஸ்டெரிஸ்க்கை மறுதொடக்கம் செய்யத்தான் வேண்டும். 'கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்' கொடுத்தால் யாரும் பேசாத நேரம் பார்த்து அது எழும்.

நான்காவது: பதிவாகியும் அழைப்பு போகவில்லை

கன்சோலைப் பார்த்துக்கொண்டே ஓர் அழைப்பு போடுங்கள். அழைப்பு ஆஸ்டெரிஸ்க்கை அடைந்தால் டயல்பிளான் படிகள் ஓடும். அப்படி ஓடாமல், எக்ஸ்டென்ஷன் (அழைத்த எண்) இந்தக் காண்டெக்ஸ்டில் (டயல்பிளானின் ஒரு பிரிவு) இல்லை என்ற மறுப்பு வரி வந்தால், அழைத்த தொலைபேசிக்குக் கிடைப்பது 404. அந்த வரியிலேயே எண்ணும் காண்டெக்ஸ்டின் பெயரும் இருக்கும். முழுத் தீர்வும் அதில்தான். 'டயல்பிளான் ஷோ' என்பதோடு அந்தக் காண்டெக்ஸ்டின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். ஆஸ்டெரிஸ்க் மனத்தில் வைத்திருக்கும் டயல்பிளான் தெரியும். கோப்பில் நீங்கள் எழுதியதாக நினைப்பதும் அதுவும் வேறாக இருப்பது உண்டு. எண்ட்பாயிண்டில் காட்டிய காண்டெக்ஸ்ட் ஒன்று, எண்ணை எழுதிய காண்டெக்ஸ்ட் வேறு என்பதே பெரும்பாலான 404களின் காரணம்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 403 என்றால் மறுமுனை உங்களை அனுமதிக்கவில்லை. 408 என்றால் பதிலே வரவில்லை. 486 என்றால் அவர் வேறு அழைப்பில் இருக்கிறார். 488 வந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் பொதுவான கோடெக் (குரலைக் குறியாக்கும் முறை) இல்லை: 'அலாவ்' வரிசையில் இரு பக்கமும் அறிந்த ஒன்றாவது, ஏலா அல்லது யூலா, இருக்கிறதா என்று பாருங்கள். 503ஐப் பெரும்பாலும் டிரங்க் (வெளித் தொலைபேசிச் சேவை நிறுவனத்தோடு உள்ள இணைப்பு) பக்கத்திலிருந்து பெறுவீர்கள்.

டிரங்க் வழியாக வெளியே போகும் அழைப்பு சரி, உள்ளே வரும் அழைப்பு மட்டும் வரவில்லை என்ற புகாருக்குத் தனிக் காரணம் உண்டு. சேவை நிறுவனம் அனுப்பும் அழைப்பு எந்த எண்ட்பாயிண்டைச் சேர்ந்தது என்று ஆஸ்டெரிஸ்க்குக்குத் தெரியவில்லை. 'ஐடென்டிஃபை' வகைப் பகுதி ஒன்றை எழுதி, அந்த நிறுவனத்தின் ஐபி முகவரிகள் அனைத்தையும் 'மேட்ச்' வரிகளில் கொடுங்கள். ஒரே ஒரு முகவரியை மட்டும் கொடுத்திருந்தால், அழைப்புகள் சில சமயம் வரும், சில சமயம் வராது.

ஐந்தாவது: குரல் இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும்

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். மிக அதிகமாக ஊகத்தால் திருத்தப்படுவதும் இதுதான். ஊகிக்கத் தேவையில்லை.

டயல்பிளானில் ஒரு சோதனை எண் வையுங்கள். 600ஐ அழைத்தால் முதலில் 'ஆன்சர்', பிறகு 'எக்கோ' என்ற இரண்டு செயலிகள் ஓடட்டும். நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்டால், அந்தத் தொலைபேசிக்கும் சர்வருக்கும் இடையே குரல் இரு திசையிலும் ஓடுகிறது. கேட்காவிட்டால் கோளாறு இந்தப் பக்கத்தில். இரு தொலைபேசிகளும் தனித்தனியே இந்தச் சோதனையில் தேறி, ஒன்றோடொன்று பேசும்போது மட்டும் குரல் இல்லையென்றால், அவை சர்வரைத் தவிர்த்து நேரடியாகப் பேச முயல்கின்றன. எண்ட்பாயிண்டில் 'டைரக்ட்_மீடியா=நோ' என்று எழுதுங்கள். அதன் இயல்புநிலை 'யெஸ்'.

எக்கோவில் தேறாத தொலைபேசிக்கு 'ஆர்டிபி செட் டிபக் ஆன்' கொடுத்து மறுபடி அழையுங்கள். ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் ஒரு வரியாக ஓடும்: 'காட்' என்று தொடங்குபவை வந்தவை, 'சென்ட்' என்று தொடங்குபவை அனுப்பியவை. எக்கோ தானாக எதையும் பேசாது, வந்ததைத் திருப்பி மட்டுமே அனுப்பும். ஆகவே 'காட்' வரியே இல்லையென்றால் உள்ளே வரும் யூடிபி போர்ட்டுகள் அடைபட்டிருக்கின்றன, அல்லது தொலைபேசி தன் குரலைத் தவறான முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஓடியும் கேட்கவில்லை என்றால், 'சென்ட்' வரியில் உள்ள முகவரியைக் கூர்ந்து பாருங்கள். தொலைபேசி வேறொரு இடத்தில், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும்போது அங்கே 192.168 என்றோ 10. என்றோ தொடங்கும் உள்முகவரி தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இணையத்தில் அந்த முகவரிக்கு எதுவும் போய்ச் சேராது.

இது ஏன் நேர்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. அழைப்பின்போது இரு பக்கமும் எஸ்டிபி என்ற சிறு குறிப்பைப் பரிமாறிக்கொள்கின்றன. அதில் 'சி=' வரி குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றும், 'எம்=' வரி எந்தப் போர்ட் என்றும் சொல்லும். முகவரி மாற்றும் ரவுட்டர், அதாவது நேட், பாக்கெட்டின் மேலுறையில் உள்ள அனுப்புநர் முகவரியை மாற்றும். உள்ளே எழுதிய கடிதத்தைத் தொடாது. கடிதத்துக்குள் தொலைபேசி தன் உள்முகவரியை எழுதி வைத்திருக்கிறது, சர்வர் அதை நம்புகிறது.

தொலைபேசி நேட்டுக்குப் பின்னால் இருந்தால் அதன் எண்ட்பாயிண்டில் 'ஆர்டிபி_சிமெட்ரிக்=யெஸ்', 'ரீரைட்_காண்டாக்ட்=யெஸ்', 'ஃபோர்ஸ்_ஆர்போர்ட்=யெஸ்' மூன்றையும் எழுதுங்கள். குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும், பாக்கெட் உண்மையில் வந்த இடத்துக்கே பதில் அனுப்பு என்பதே இவற்றின் பொருள். சர்வரே நேட்டுக்குப் பின்னால் இருந்தால், கிளவுட் சர்வர்கள் பலவும் அப்படித்தான், டிரான்ஸ்போர்ட் பகுதியில் 'எக்ஸ்டெர்னல்_மீடியா_அட்ரஸ்', 'எக்ஸ்டெர்னல்_சிக்னலிங்_அட்ரஸ்' இரண்டிலும் பொது ஐபி முகவரியையும், 'லோக்கல்_நெட்' வரியில் உங்கள் உள்வலைப் பின்னலையும் கொடுங்கள். அதோடு 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகள் லினக்ஸின் ஃபயர்வாலிலும் கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வாலிலும் திறந்திருக்க வேண்டும். ஒன்றில் திறந்து மற்றதை மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

எல்லாம் சரியாக எழுதியும் முகவரிகள் விசித்திரமாக மாறி வந்தால், ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். உதவி செய்யும் எண்ணத்தில் அது கடிதத்தின் உள்ளேயும் திருத்துகிறது, பல சமயம் தவறாக. தயக்கமின்றி அணைத்துவிடுங்கள்.

குரல் விட்டுவிட்டு வந்தால் அது வேறு வகை. ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64 கிலோபிட் குரல். பாக்கெட் தலைப்புகளும் சேர்ந்தால் ஈதர்நெட்டில் ஒவ்வொரு திசைக்கும் ஏறத்தாழ 87 கிலோபிட். உங்கள் பதிவேற்ற வேகத்தை இதனால் வகுத்துப் பார்த்தால் எத்தனை அழைப்புகள் தாங்கும் என்பது தெரியும். வைஃபையில் உள்ள தொலைபேசியை ஒருமுறை கம்பியில் இணைத்துச் சோதிப்பதும் பல விவாதங்களை முடித்துவைக்கும்.

ஆறாவது: குறிப்பிட்ட நேரத்தில் துண்டிக்கப்படும் அழைப்பு

எப்போதாவது துண்டிக்கப்படுகிறது என்று யாராவது சொன்னால், கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் நிலையாக இருந்தால் அதுவே காரணத்தைச் சொல்லும்.

எடுத்து ஏறத்தாழ 32 நொடியில் துண்டிக்கப்பட்டால், அழைப்பை எடுத்த பக்கம் அனுப்பிய 200 ஓகே செய்திக்கு 'ஏக்' என்ற ஒப்புதல் வந்து சேரவில்லை. எஸ்ஐபி விதிப்படி அந்தப் பக்கம் 32 நொடி காத்துவிட்டு அழைப்பை முடித்துக்கொள்ளும். எஸ்என்கிரெப்பில் 200 ஓகே திரும்பத் திரும்பப் போவது கண்ணுக்கே தெரியும். மேலே சொன்ன நேட் அமைப்புகளே இதற்கும் மருந்து.

15 அல்லது 30 நிமிடத்தில் துண்டிக்கப்பட்டால் அமர்வு நேரக்கணக்கைச் சந்தேகியுங்கள். இயல்புநிலை 1800 நொடி. பாதி நேரத்தில் புதுப்பிப்புச் செய்தி போகும். அதற்குப் பதில் வராவிட்டால் அழைப்பு முடியும்.

பதிவாகிச் சிறிது நேரம் மட்டும் உள்வரும் அழைப்பு கிடைத்து, பிறகு கிடைக்காமல் போவதும் இதே குடும்பம். தொலைபேசிக்காகத் திறந்துவைத்த யூடிபி வழியை ரவுட்டர் மறந்துவிடுகிறது. ஏஓஆர் பகுதியில் 'குவாலிஃபை_ஃப்ரீக்வென்சி' மதிப்பை 25 அல்லது 30 நொடியாக வைத்தால் சர்வர் அந்த இடைவெளியில் தொலைபேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், பாதையும் திறந்திருக்கும்.

லினக்ஸ் பக்கமே கோளாறு இருக்கும்போது

வட்டு நிரம்பியிருக்கிறதா என்று 'டிஎஃப் -எச்' கொண்டு பாருங்கள். அழைப்புகளின் ஒலிப்பதிவுகளும், அணைக்க மறந்த டிபக்கும் வட்டை நிரப்புவதில் வல்லவை. அறிவிப்பு ஒலி கேட்காமல், கோப்பு எந்த வடிவத்திலும் இல்லை என்று பதிவேடு சொன்னால், பாதையையும், ஆஸ்டெரிஸ்க் எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதற்குப் படிக்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரூட் கணக்கில் கோப்பை நகலெடுத்தவர்கள் உரிமையை மாற்ற மறப்பது வழக்கம். நெரிசல் நேரத்தில் மட்டும் அழைப்புகள் தோற்றால், 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற வரியைப் பதிவேட்டில் தேடுங்கள். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் 'லிமிட்நோஃபைல்' வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும்.

மெனுவில் எண்ணை அழுத்தினால் ஏற்கவில்லை என்றால் இரு பக்கமும் 'டிடிஎம்எஃப்_மோட்' மதிப்பு 'ஆர்எஃப்சி4733' ஆக இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

பழுது தேடும்போது பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்

சோதனைக்காக ஃபயர்வாலை முழுவதும் அணைப்பது, கடவுச்சொல்லை 1234 என்று வைப்பது, எல்லாக் காண்டெக்ஸ்டுக்கும் வெளிநாட்டு அழைப்பைத் திறந்துவிடுவது: இவை மூன்றையும் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இணையத்தில் திறந்திருக்கும் 5060 போர்ட்டுகளைத் தேடித் திரியும் நிரல்கள் ஓய்வதே இல்லை. அவை எளிய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால் உங்கள் டிரங்க் வழியாகக் கட்டணம் மிகுந்த எண்களுக்கு அழைப்புகள் பாயும். கட்டணம் உங்கள் பெயரில் வரும். சந்தேகம் ஃபயர்வால் மேல் என்றால், உங்கள் சோதனைத் தொலைபேசியின் ஐபி முகவரிக்கு மட்டும் விதி எழுதித் திறந்து பாருங்கள். அதுவே போதிய சான்று தரும்.

பிறரிடம் உதவி கேட்கும்போது

தோற்ற ஓர் அழைப்பை மறுபடி நிகழ்த்தி, அந்த நேரத்தில் 'டிசிபிடம்ப்' அல்லது எஸ்என்கிரெப் கொண்டு பிடித்த கோப்பையும், அதே நிமிடத்தின் ஃபுல் பதிவையும் எடுத்து வையுங்கள். ஆஸ்டெரிஸ்க் பதிப்பு, தொலைபேசி எங்கே இருக்கிறது, நேட் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, அதற்கு முன் எது மாறியது என்பவற்றை எழுதுங்கள். சேவை நிறுவனத்திடம் பேசினால் நேர மண்டலத்தோடு நேரத்தையும், எஸ்ஐபி தலைப்பில் உள்ள 'கால்-ஐடி' மதிப்பையும் கொடுங்கள். அவர்கள் பக்கத்தில் அதே அழைப்பைத் தேட அது போதும். அனுப்பும் முன் கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களையும் நீக்கிவிடுங்கள். குரல் பாக்கெட்டுகளையும் பிடித்திருந்தால் அந்தக் கோப்பிலிருந்து உரையாடலையே கேட்க முடியும் என்பதால், எஸ்ஐபி செய்திகளை மட்டும் தனியே பிரித்துக் கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் 'பிஜேசிப் செட் லாகர் ஆஃப்', 'ஆர்டிபி செட் டிபக் ஆஃப்' இரண்டையும் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.